ஏழே முக்காலுக்கு வெளிக்கிட்ட படகு

ஜூன் 3, திங்கள்

128/82.

ஒவ்வொரு நாளும் காலமை பிரஷர் பார்த்துக் கொப்பியில எழுதோணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பக்கத்தில, என்ன சாப்பிட்டது, நித்திரை எப்பிடி, மனசுக்கு ஏதும் கரைச்சலோ எண்டும் எழுதட்டாம். அந்தாள் இலக்கத்தை மட்டும்தான் பார்க்கும், மிச்சத்தை வாசிக்க நேரம் ஏது. அதால துணிஞ்சு எழுதலாம்.

சாப்பாடு: பாண், சம்பல். நித்திரை: இவற்ற குறட்டையை விட்டால் மற்றும்படி பிழையில்லை. மனசுக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

130/84.

இண்டைக்கு இவர் சாப்பாட்டு மேசையில இருந்த கறிச்சட்டி எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு ஏரி வரைபடத்தை விரிச்சார். என்னப்பா இது எண்டு கேட்டன். இந்தக் கோடைக்கு ஒன்ராரியோ ஏரியைக் குறுக்கறுத்து அக்கரைக்குப் போகப்போறாராம். எங்கட ஸ்கார்பரோ மேட்டுக்குக் கீழ இருக்கிற படகுத்துறையில வெளிக்கிட்டு, நேர தெற்கால, போட் டல்ஹௌசி எண்ட ஊர் மட்டும். ஐம்பத்தைஞ்சு கிலோமீற்றர். ஏழு மணித்தியாலம். நடுவில ரெண்டு பக்கமும் கரை தெரியாதாம்.

எங்களிட்ட இருக்கிறது இருபத்திரெண்டு அடிப் பாய்ப் படகு. இவர் பேக்கரித் தொழிற்சாலையில இருபத்தேழு வருசம் நிண்டு பென்சன் எடுத்த கையோட ஒரு வெள்ளைக்காரக் கிழவனிட்ட வாங்கினது. பேர் மார்கரெட். அந்தக் கிழவன்ர மனிசியின்ர பேராம். மாத்துங்கோ எண்டன், படகுக்குப் பேர் மாத்தினால் கூடாதாம். அதால சனி ஞாயிறு எண்டால் என்ர மனிசன் மார்கரெட்டோட எண்டு நான் கடையில பகிடி விடுறனான். நான் மோலில உடுப்புத் திருத்துற கடையில தைக்கிறன். பின்னால நிண்டு காற்சட்டை மடிக்கிற பெட்டையள் விழுந்து விழுந்து சிரிப்பாளவை.

போன வருசம் படகு ஓட்டப் பழகப் போகேக்க தனியப் போக வெக்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனவர். சோதினையில நான் முதல்தரமே பாஸ். இவர் ரெண்டாந்தரம். அதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவர். நான் ஆருக்குச் சொன்னன்? மகள் ஆரணிக்கு மட்டும்தான். அவள் தன்ர மாமியாருக்குச் சொன்னது என்ர பிழையில்லை.

எத்தனை பேர் போகலாம் எண்டு கேட்டன். ரெண்டு பேர் காணும் எண்டார். நான் வேற ஒண்டும் கேக்கேல்லை.

ஜூன் 16, ஞாயிறு

122/78.

படகின்ர பெரிய பாயைக் கழட்டிக் கொண்டுவந்து வரவேற்பறை முழுக்க விரிச்சுப்போட்டுத் தைச்சன். ஓரம் மூண்டு இடத்தில அறுந்து கிடந்தது. பலத்த காத்தில பாயைப் பாதியாச் சுருக்கிக் கட்டுறதுக்கு எண்டு இருக்கிற ஓட்டையளும் பிஞ்சு போச்சு. அதுக்கு ரெட்டைத் துணி வைச்சு அடிச்சன். கடை மெசின் காணாது, கையாலதான் குத்தினன். விரலெல்லாம் புண்.

இவர் பக்கத்தில இருந்து பட்டியல் போட்டார். தண்ணி, டோர்ச், ரேடியோ, கயிறு, மருந்துப் பெட்டி. "மலர், உமக்குக் குளிர்சட்டை மொத்தமானது இருக்கோ?" எண்டு கேட்டார். இருக்கு எண்டன். ஏன் கேட்டவர் எண்டு சொல்லேல்லை.

வேலைக்குப் போற பஸ்ஸில இப்ப ஒவ்வொரு நாளும் போனில காத்துப் பார்க்கிறன். ஏரியில எந்தப் பக்கத்தால, எவ்வளவு, அலை எத்தனை அடி. சும்மா, நேரம் போறதுக்கு.

ஜூன் 23, ஞாயிறு

151/94.

மாங்காய் ஊறுகாய் கூடிப்போச்சு.

நேசன் சாப்பிட வந்தவர். இவரோட பேக்கரியில ஒண்டா நிண்டவர், நல்ல மனிசன், எங்களுக்கு ஒரு ஆபத்து அந்தரம் எண்டால் ஓடி வாற ஆள். மூண்டாந்தரம் குழம்பு விட்டுக்கொண்டிருக்கேக்க இவர் சொல்லுறார், "மலர் தெரியுமோ, ஏரிக்கு நேசன் வாறான்." அண்டைக்குக் கேட்ட மொத்தமான குளிர்சட்டை நேசனுக்காம். நேசனிட்ட சரியான உடுப்பில்லையாம்.

நேசனுக்குப் படகு எண்டால் என்னெண்டு தெரியாது. தன்ர வாழ்க்கையில ஏறின படகு ஒண்டு நயினாதீவுக்குப் போறது, மற்றது நயினாதீவில இருந்து வாறது.

நல்லது, நல்லது எண்டு சொல்லிப்போட்டு ரசம் கொண்டுவரப் போனன். எனக்கு இதில ஒண்டும் இல்லை. எனக்கும் வயசு ஐம்பத்தேழு, அந்த வெய்யிலுக்க ஏழு மணித்தியாலம் குந்தியிருக்க எனக்கென்ன விசரே?

ஜூலை 7, ஞாயிறு

144/90.

மூண்டு பேருமாப் பழகப் போனம். சுக்கான் இவற்ற கையில. காத்து நல்லா வந்தது. காத்து ஏறினால் படகு ஒரு பக்கம் சரியத்தான் செய்யும், அது படகின்ர குணம், கவிழாது. அடியில இரும்பு கிடக்கு. ஆனால் இவருக்குச் சரிவு கண்ணில காட்டக்கூடாது. சரிஞ்ச உடன மூக்கைக் காத்து போற பக்கம் திருப்பி விட்டுடுவார். படகு நிமிரும், ஆனால் போற இடம் மாறிப்போம். போன வருசம் சோதினையில கோட்டை விட்டதும் இதாலதான்.

"பாயை இளக்குங்கோப்பா, சுக்கானைத் திருப்பாதேங்கோ" எண்டு கத்தினன்.

நேசன் என்ர தோளில தட்டி, "மலரக்கா, பயப்பிடாதேங்கோ, அண்ணை பார்த்துக்கொள்ளுவார்" எண்டார். அந்தாள் வாந்தி எடுத்து வெளிறின முகத்தோட வாளியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு எனக்குத் தைரியம் சொல்லுது. கோதாரி.

வீட்ட வந்து ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. தலையிடி.

ஜூலை 12, வெள்ளி

136/86.

யாழ்ப்பாணத்தில இருந்து மச்சாள் போன் எடுத்தவ. இவற்ற மூத்த தமக்கை, கொக்குவிலில இருக்கிறா. இந்த வீட்டில ஒரு நல்லது கெட்டது அவவிட்டக் கேளாமல் நடவாது. ஜூலை இருபதுக்கு வெளிக்கிடுறதா இவர் யோசிச்சு வைச்சிருந்தவர், காத்தும் அப்பதான் நல்லது. "ஆடி மாசம் புதுப் பயணம் தொடங்குவினமே? உனக்கு மூளை இருக்கோ பஞ்சு?" எண்டு மச்சாள் போட்டுது ஒரு சத்தம். அறுபத்தொரு வயசுப் பஞ்சலிங்கம், "ஓம் அக்கா, சரி அக்கா."

ஆவணி முதலாந் திகதி எண்டு முடிவாச்சு. ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை.

ஜூலை 21, ஞாயிறு

133/85.

இவர் ஒரு தாள் கொண்டுவந்து தந்தார். ஏரி கடக்கிற ஆக்கள் எழுதி வைக்க வேண்டியதாம். ஆர் போறது, எந்தப் படகு, எத்தனை மணிக்கு, எந்த வழி, எத்தனை மணிக்குச் சேருவம், சேராட்டிக் கரையில இருக்கிற ஆள் கரையோரக் காவலுக்குப் போன் அடிக்க வேண்டியது. கரையில இருக்கிற ஆள்: தவமலர் பஞ்சலிங்கம்.

"நீர்தான் முக்கியமான ஆள்" எண்டார்.

ஓம், முக்கியமான ஆள். வீட்டில இருந்து மணிக்கூட்டைப் பார்க்கிற முக்கியம்.

நாலு மணிக்குள்ள போன் வரும், ஆறு மணி மட்டும் பொறு, அவசரப்பட்டு அடிச்சு எங்களைச் சிரிப்பாக்கிப் போடாதையும் எண்டும் சொன்னார். ஊர்ச்சனத்துக்குக் கதை தெரிஞ்சால் காணும், கோயிலில தலை காட்டேலாதாம்.

ஜூலை 30, செவ்வாய்

129/83.

ஆகஸ்ட் 17க்கு லீவு கேட்டு எடுத்தன். வீடு துப்புரவாக்கக் கிடக்கு.

பிடி வழுக்காத கையுறை ஒரு சோடி வாங்கினன், தோட்ட வேலைக்கு. தலைச்சுத்துக் குளிசையும் ஒரு பெட்டி. வீட்டில கிடந்தால் நல்லதுதானே.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

138/88.

ஆரணி வந்தவள். கையுறையைக் கண்டிட்டாள். எங்கட தோட்டம் எண்டால் பல்கனியில ரெண்டு கறிவேப்பிலைத் தொட்டி.

"அம்மா, நீங்களும் போகப்போறன் எண்டு அப்பாவிட்டக் கேளுங்கோவன்."

"நான் ஏன் கேப்பான்? தேவையெண்டால் அவர் கேக்கட்டும்."

"அவருக்குத் தெரியாது அம்மா, நீங்கள் விரும்புறீங்கள் எண்டு."

"முப்பத்திநாலு வருசம் ஒண்டாச் சாப்பிட்டுப் படுத்தெழும்பின மனிசனுக்குத் தெரியாதெண்டால் சொல்லியும் விளங்காது. அதோட எனக்கு விருப்பமும் இல்லை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அப்பிடியே மச்சாளின்ர. எங்க இருந்து வந்ததோ.

ஆகஸ்ட் 15, வியாழன்

146/92.

விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடுறது எண்டுதான் ஆதியில இருந்து கதை. காலமையில காத்து சீரா இருக்கும். பின்னேரம் எண்டால் வெக்கைக்கு முகில் கட்டி இடி விழும், இது ஏரியில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். இண்டைக்கு மச்சாள் கலண்டரைப் பார்த்து வட்சப்பில நேரம் அனுப்பியிருக்கிறா. சனிக்கிழமை காலமை 7.45 தொடக்கம் 8.45 நல்ல நேரம். அதுக்கு முன்னம் துறையை விட்டு அசையவே கூடாதாம்.

இவர் தாளை எடுத்து அஞ்சரையை வெட்டிப்போட்டு ஏழே முக்கால் எண்டு எழுதினார்.

"இஞ்சாருங்கோ, மச்சாள் பார்த்தது யாழ்ப்பாணத்துக் கலண்டர். அங்கத்த ஏழே முக்கால் எங்களுக்கு முதல்நாள் இரவு பத்தேகால். அப்ப வெள்ளிக்கிழமை இரவெல்லோ வெளிக்கிடோணும்?"

"நேரம் எண்டால் நேரம்தான். உமக்கு எல்லாத்திலயும் விதண்டாவாதம்."

அக்கா சொன்னதை மீறி ஏதும் ஒண்டு நடந்தால் எண்டு இவருக்குப் பயம். அதையும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார். சரி, எனக்கென்ன. போறது அவையள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

149/93.

புளிச்சாதம், அவிச்ச முட்டை, பருப்பு வடை, பிளாஸ்க்கில இஞ்சித் தேத்தண்ணி. நேசனுக்கு உறைப்பில்லாமல் வேறயாக் கட்டினன். பெரிய பாயை ஒருக்காத் தடவிப் பார்த்தன், தையல் எல்லாம் இறுக்கமா இருக்கு.

நாளைக்குப் பகல் முழுக்க நல்ல காத்து எண்டுதான் இப்ப போட்டிருக்கு.

ஆகஸ்ட் 17, சனி

காலமை 6.40. இவர் இப்பதான் துறைக்குப் போறார். "போட்டு வாறன்" எண்டார். "ஓம்" எண்டன், பாத்திரம் கழுவிக்கொண்டு. திரும்பிப் பார்க்கேல்லை.

7.10. போனை எடுத்துப் பார்த்தன். திரும்ப வைச்சன். தேத்தண்ணி ஊத்தினன்.

7.50. வெளிக்கிட்டிருப்பினம்.

11.30. குசினி அலுமாரி எல்லாம் இறக்கிக் கழுவியாச்சு. பல்கனியில நிண்டு பார்த்தால் மரம் ஒரு இலை அசையேல்லை. பிரஷர் பார்க்கேல்லை.

2.20. இருட்டிக்கொண்டு வந்து கொட்டுது. ஐயோ, என்ன இடி. எதிர் வீட்டுக்காரன்ர குப்பைவாளி தெருவில ஓடுது. மேற்குப் பக்கத்தால காத்து அடிக்குது. இவற்ற போன் அடிக்கவே இல்லை, நேர குரல் பதியிற இடத்துக்குப் போகுது. நேசன்ர போனும் அப்பிடித்தான்.

3.40. ஆறு மணி மட்டும் பொறுக்கட்டாம். ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டும், எல்லாரும் வாயைப் பிளந்து சிரிக்கட்டும். கரையோரக் காவலுக்கு அடிச்சுப்போட்டன். 

ஒரு பெட்டைதான் எடுத்தது, ஆறுதலாக் கதைச்சாள். படகின்ர நிறம், நீளம், எத்தனை பேர், பாதுகாப்புச் சட்டை போட்டிருக்கினமோ. நான் தாளைப் பார்த்து ஒண்டொண்டாச் சொன்னன். நேர தெற்குக் கோட்டில தேடுறம் எண்டாள். இல்லைப் பிள்ளை, அந்தக் கோட்டில அவர் இருக்க மாட்டார் எண்டன். ஏன் எண்டு கேட்டாள்.

"காத்து மேற்கால அடிச்சால் படகு சரியும். சரிஞ்சால் என்ர மனிசன் மூக்கைக் கிழக்கால திருப்பி விடுவார். எப்பவும் அப்பிடித்தான். பேந்து பயந்து பாயை இறக்கிப் போடுவார், படகு காத்தோட இழுபடும். கிழக்கால தேடுங்கோ."

"நீங்களும் படகு ஓட்டுவீங்களோ?" எண்டு கேட்டாள்.

ஓட்டுவன் எண்டன்.

5.55. கண்டுபிடிச்சிட்டினம். ரெண்டு பேரும் உயிரோட. கோட்டில இருந்து ஒன்பது கிலோமீற்றர் கிழக்கால. மார்கரெட்டையும் கட்டி இழுத்துக்கொண்டு போட் டல்ஹௌசிக்குப் போகினமாம்.

சாமிப் படத்துக்கு முன்னால போய் நிண்டன். ஒண்டும் கும்பிட வரேல்லை. நிலத்தில குந்தி இருந்து அழுதன், நல்லா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

162/98.

விடிய ஆரணியின்ர காரில ஏரியைச் சுத்திக்கொண்டு போனம், ரெண்டு மணித்தியால ஓட்டம். இவர் மோட்டல் வாசலில கதிரையில இருந்தார், புருவத்துக்கு மேல மூண்டு தையல். பாய்க்கட்டை அடிச்சதாம். என்னைக் கண்டதும் எழும்பி, பேந்து இருந்தார். நேசனை மனிசி இரவே வந்து கூட்டிக்கொண்டு போட்டுது.

ஆரணிதான் கேட்டுக் கேட்டு எடுத்தாள். பத்து மணிக்குப் பிறகு காத்தே இல்லையாம், ஒண்டரை மணித்தியாலம் நடு ஏரியில மிதந்தவையாம். படகின்ர சின்ன மோட்டரும் ஸ்டார்ட் ஆகேல்லை, கயிறு இழுத்து இழுத்துக் கை நொந்ததுதான் மிச்சம். ரேடியோவுக்கு சார்ஜ் போடேல்லை, பட்டியலில சரி மட்டும் போட்டிருக்கு. இடி வந்து முதல் அலையில போன் ரெண்டும் நனைஞ்சு செத்துப்போச்சு. அஞ்சரைக்கு வெளிக்கிட்டிருந்தால், மிதந்த நேரத்தையும் சேர்த்து, இடிக்கு முன்னம் கரையில இருந்திருப்பினம்.

காரில வரேக்க ஆரணி பாட்டுப் போட்டாள், இவர் நிப்பாட்டினார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

158/97. நித்திரை இல்லை.

டொக்டர் இதை வாசிக்கமாட்டார் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறன்.

சனிக்கிழமை காலமை ஏழு பத்துக்கு நான் வானிலை பார்த்தனான். இரவு இருந்தது மாறிப்போய், பின்னேரம் ரெண்டு மணிக்கு மேல இடிமின்னல், பலத்த காத்து, சின்னப் படகுகள் கவனம் எண்டு சிவப்பு எழுத்தில கிடந்தது. இவை துறையிலதான் நிக்கினம், ஏழே முக்காலுக்குக் காத்துக்கொண்டு. முப்பத்தைஞ்சு நிமிசம் இருந்தது. ஒரு போன் அடிச்சிருந்தால் காணும்.

நான் அடிக்கேல்லை. என்னைக் கேட்டவையே, நான் ஏன் சொல்லுவான் எண்டு போனைத் திருப்பி வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சனான். சீனி கூடப் போட்டு. இதை ஆருக்கும் சொல்லேல்லை. நேசன் போன் எடுத்து, "மலரக்கா, நீங்கள் நேரத்துக்கு அடிச்சிராட்டி நாங்கள் இண்டைக்கு இல்லை" எண்டு அழுதவர். போனை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை எனக்கு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

155/96.

மார்கரெட்டை அங்கயே ஆருக்கும் குடுத்திடுவம் எண்டார் இவர். வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டார். உங்கட விருப்பம் எண்டன்.

ஆகஸ்ட் 21, புதன்

141/89.

பின்னேரம் மெசினில இருந்து ஒரு கலியாணச் சட்டைக்கு இடுப்புப் பிடிச்சுக்கொண்டிருந்தன். இவர் அறை வாசலில வந்து நிண்டார். கனநேரம் நிண்டார். என்னப்பா, தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டன்.

"மலர், படகை இஞ்சால கொண்டு வரோணும். மற்றவைக்குக் குடுக்க மனம் வரேல்லை."

"ம்."

"என்னால ஏலாது. உம்மால ஏலும்." கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டு நிண்டார். "நானும் கூட வரட்டோ?"

முப்பத்திநாலு வருசத்தில இந்த மனிசன் என்னட்டக் கேட்டிருக்கிறார், சாப்பாடு ஆச்சோ, சாவி எங்க, ஆரணி எங்க. நான் வரட்டோ எண்டு கேட்டது இதுதான் முதல் தரம். வாருமன் எண்டு கூப்பிடுவார் எண்டுதான் நான் ரெண்டு மாசமா வீம்புக்கு இருந்தனான். இப்பிடிக் கேட்பார் எண்டு கனவிலயும் நினைக்கேல்லை.

"நான் சொல்லுறதைக் கேக்கோணும்" எண்டன்.

"கேக்கிறன்."

"அப்ப வாங்கோ."

அவர் அங்கால போன உடன கலியாணச் சட்டையைப் பார்த்தன், இடுப்பைக் கோணலா அடிச்சு வைச்சிருக்கிறன். எல்லாம் பிரிச்சுத் திரும்பத் தைச்சன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

132/84.

கட்டிலுக்குக் கீழ இருந்து வரைபடத்தை நான்தான் எடுத்தன். சனிக்கிழமை, காலமை ஆறு மணி. தென்மேற்குக் காத்து, அளவானது. திரும்பி வரேக்க காத்து பின்பக்கத்தால வரும், படகு அவ்வளவு சரியாது. பத்து மணிக்குள்ள பாதித் தூரம் தாண்டாட்டித் திரும்புறது. இடி எண்டு ஒரு எழுத்துக் கண்டாலும் வெளிக்கிடுறதே இல்லை. ரேடியோ சார்ஜ் போட்டாச்சு, நானே பார்த்தன். மோட்டரை அங்க ஒருத்தன் திருத்தி வைச்சிருக்கிறான். கரையில இருக்கிற ஆள் ஆரணி. மூண்டு மணி தாண்டி ஒரு நிமிசம் பொறுக்கக்கூடாது எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன்.

மச்சாள் எடுத்தவ. சனிக்கிழமைக்கும் நேரம் பார்த்து வைச்சிருக்கிறா. இந்த முறை நானே கதைச்சன்.

"மச்சாள், குறை நினையாதேங்கோ. நீங்கள் தாற நேரம் எல்லாம் அங்கத்த நேரம். உங்கட ஏழே முக்கால் எங்களுக்கு முதல்நாள் இரவு பத்தேகால்."

அங்கால மச்சாள் கலண்டர்த் தாளைப் புரட்டுற சத்தம் கேட்டுது.

"அப்ப நான் வைச்சுத் தந்த ஆரணியின்ர தாலி கட்டு? நீங்கள் வீடு குடிபூந்தது?"

"எல்லாம் அப்பிடித்தான் மச்சாள்."

"கடவுளே." பேந்து யோசிச்சிட்டு, "எல்லாம் நல்லாத்தானே நடந்தது?"

"நல்லாத்தான் நடந்தது."

"அப்ப உனக்கு எது வசதியோ அப்ப வெளிக்கிடு பிள்ளை. கவனம். ரெண்டு பேரும் கவனம்" எண்டா. அந்த மனிசியை நான் இவ்வளவு காலமும் கொஞ்சம் கூடத்தான் கரிச்சுக் கொட்டிப்போட்டன்.

ஆகஸ்ட் 24, சனி

பின்னேரம், வீட்டில இருந்து எழுதுறன். நிலம் இன்னும் ஆடுற மாதிரிக் கிடக்கு.

ஆறு பத்துக்குப் போட் டல்ஹௌசித் துறையில படகுக் கயிற்றை அவிட்டம். சுக்கான் என்ர கையில. துறைச்சுவர் தாண்டி வெளியில வந்ததும் காத்து பிடரியில வந்து தட்டிச்சுது, இடது பக்கத்தால. பெரிய பாயை மேல ஏத்தச் சொன்னன், ஏத்தினார். கயிறு சிக்குப்பட்டுது, தன்ர பாட்டில எடுத்தார். ரெண்டு மணித்தியாலத்தில தெற்குக் கரை பனிப்புகாருக்க மறைஞ்சு போச்சு. வடக்குக் கரை இன்னும் இல்லை. சுத்திவரத் தண்ணியும் நாங்கள் ரெண்டு பேரும்தான். எனக்குப் பயம் இருந்தது, இல்லையெண்டு சொல்லேலாது. ஆனால் அதைவிடச் சந்தோசம் கூட இருந்தது. கத்திப் பாடலாம் போல.

வடை சாப்பிட்டம். அப்பதான் அவர் தொடங்கினார்.

"உம்மைக் கேட்டிருக்கோணும் மலர், முதலே."

"ஏன் கேக்கேல்லை?"

"நீர் வந்தால் நீர்தான் ஓட்டுவீர். அது எனக்குத் தெரியும். என்ர படகில நான் வாளியோட இருந்து பார்க்கோணும்." தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேசன் எண்டால் நான் பிழை விட்டாலும் அவனுக்குத் தெரியாதெல்லோ. அதாலதான் அவனைக் கேட்டனான். அவனைச் சாகக் குடுக்கப் பார்த்திட்டன்."

இதுக்கு மேல நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிசியே இல்லை. ஏழு பத்தைச் சொன்னன். சிவப்பு எழுத்தைச் சொன்னன். முப்பத்தைஞ்சு நிமிசம் போன் என்ர கைக்குப் பக்கத்தில கிடந்ததைச் சொன்னன். தேத்தண்ணியையும் சொன்னன்.

ஒரு அலை வந்தது, இன்னொண்டு வந்தது. அவற்ற முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தன். இனி இந்த மனிசன் என்னோட கதைக்க மாட்டார், சரி, அதுவும் நான் தேடினதுதான் எண்டு நினைச்சன்.

"அடிச்சிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டன்" எண்டார்.

"என்ன?"

"உம்மட நம்பரைக் கண்டால், மறிக்கப் போறீர் எண்டு எடுக்காமல் விட்டிருப்பன். எனக்கு என்னைத் தெரியுந்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோட ஒண்டா அழுகையும் வந்தது. கண்ணைத் துடைக்கக் கையில்லை, ஒரு கையில சுக்கான், மற்றக் கையில பாய்க் கயிறு. அவர் எழும்பி, தட்டுத் தடுமாறிப் பிடிச்சு, என்ர பக்கம் வந்து இருந்து, தன்ர சேட்டு நுனியால என்ர மூஞ்சையைத் துடைச்சுவிட்டார். மூக்கையும் துடைச்சார், சின்னப்பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி.

"நோகுது, மெல்ல" எண்டன்.

"காத்து மாறுது போல கிடக்கு" எண்டார்.

மாறத்தான் செய்தது. பாயைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னன். இழுத்தார். பதினொண்டு மணிக்கு அவர்தான் முதல்ல கண்டவர், புகாருக்கால வெள்ளையா, எங்கட கரை.